அடிக்கிற கைதான் அணைக்குமா?

சென்ற வாரத்துத் தபாலில் நமக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் நமது பத்திரிகையைப் படித்து வருகிறவர்கள் வீட்டிலிருந்து வந்தவை. எழுதினவர்களின் பேரும் ஊரும் வெளியில் தெரியவேண்டிய அவசியமில்லையாதலால் சங்கதியை மாத்திரம் சொல்லுகின்றோம்.

முதல் கடிதம் ஒரு தோழர் எழுதியது. "பெண்கள் அடிபடுகிறார்கள், உதைபடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்களே, பெண்சாதியிடம் அடிபடுகிற ஆண்பிள்ளை உங்கள் கண்ணில் படுவதே இல்லையா? என் மனைவி பாத்திரத்தை விட்டெறிந்து என் மண்டை உடைந்தது. ரத்தத்தோடு போலீசு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். 'நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?' என்று கேட்டார்கள். பகுத்தறிவுக்காரர்களாவது எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்பது அதன் சாரம்.

இரண்டாவது கடிதம் ஒரு அம்மையார் எழுதியது. "என் புருஷர் உங்கள் பத்திரிகையின் சந்தாதாரர். மேடையேறினால் பெண்ணுரிமையைப்பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். எங்கள் கலியாணம்கூடப் புரோகிதன் இல்லாமல் நடந்ததுதான். ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால் அவர் கை நீளுகிறது. தாய் வீட்டுக்குப் போனால், 'வாழ்க்கைப்பட்ட இடத்தில் பொறுத்துக்கொள். அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். புரோகிதனை ஒழித்தீர்கள், அடியை எப்பொழுது ஒழிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும் என்று பட்டது. முதல் தோழர் கேட்பது வேடிக்கையென்று தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. அம்மையார் கேட்பதோ நமது முகத்துக்கு நேரே கேட்கிற கேள்வி.

முதலில் ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகின்றோம். அடி என்பது யார் கையால் விழுந்தாலும் அடிதான். ஆண் உடம்பு வலிக்காத உடம்பு அல்ல. பெண்சாதி கையால் அடிபட்டவனைப் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவும் ஆகாது, மனிதத் தன்மையும் ஆகாது. ஆனால், "ஆணும் அடிபடுகின்றான், பெண்ணும் அடிபடுகின்றாள், ஆகவே சரிக்குச் சரியாகப் போயிற்று, இது வெறும் குடும்பச் சண்டை, இதில் உரிமை எங்கே வந்தது, அடிமை எங்கே வந்தது?" என்று சிலர் நியாயம் பேசத் தொடங்கியிருக்கின்றார்களே, அந்த நியாயத்தைத் தராசில் போட்டு நிறுத்துப் பார்க்கவேண்டியது அவசியமாகும்.

இப்படிச் சமம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவருவார்கள். 1975-ம் வருஷத்தில் அத்தேசத்தில் ஸ்ட்ராஸ், கெல்லஸ் என்னும் சமூக ஆராய்ச்சிக்காரர்கள் குடும்பங்களை விசாரித்ததில், ஒரு வருஷத்துக்குள் மனைவிமேல் கையோங்கிய புருஷர்கள் 100-க்குச் சுமார் 12 பேர் என்றும், புருஷன்மேல் கையோங்கிய மனைவிகளும் ஏறக்குறைய அதே அளவென்றும் கண்டது மெய்தான். ஆனால் அந்தக் கணக்கு எண்ணியது எதை? கை எழுந்ததா இல்லையா என்பதை எண்ணிற்று. எழுந்த கையினால் எலும்பு முறிந்ததா, அடிபட்டவர் அன்று இரவு பயமில்லாமல் தூங்கினாரா, மறுநாள் வீட்டை விட்டுப் போக வழி இருந்ததா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. காயம் படுவது பெண்களே அதிகம் என்று அந்த ஸ்ட்ராஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் சமத்துவவாதிகள் கணக்கில் ஒரு பாதியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மற்றொரு பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவானேன்?

நமது நாட்டுக் கணக்கையே பார்க்கலாம். இந்திய சர்க்கார் 2019 முதல் 2021 வரை எடுத்த அய்ந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கலியாணமான 18 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 29 பேர் புருஷன் கையால் அடியோ பலாத்காரமோ பட்டிருக்கிறார்கள். நமது தமிழ்நாட்டில் அது 100-க்கு 38. பகுத்தறிவு இயக்கம் பிறந்த நாடு என்று மார் தட்டிக்கொள்ளுகிற நாம் இந்த 38-ஐ ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவேண்டும். அதே ஆய்வில், புருஷன் அடிக்காதபோது தானாக முதலில் கை நீட்டியதுண்டா என்று பெண்களைக் கேட்டதற்கு, உண்டு என்றவர்கள் 100-க்குச் சுமார் 4 பேர். இந்த நாலு பேர் பொய்யல்ல. நமக்குக் கடிதம் எழுதிய தோழரின் மனைவி அந்த நாலில் ஒருவராயிருக்கலாம். ஆனால் நாலும் இருபத்தொன்பதும் சமம் என்று சொல்லுவதற்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கும் இடங்கொடுக்காது.

இனிச் சாவுக் கணக்கு. 2023-ம் வருஷத்தில் உலகமெங்கும் புருஷனாலோ, காதலனாலோ, குடும்பத்தாராலோ கொல்லப்பட்ட பெண்களும் பெண் குழந்தைகளும் சுமார் 51,100 பேர் என்று அய்க்கிய நாடுகள் சபையின் கணக்குச் சொல்லுகின்றது. அதாவது ஒரு நாளைக்கு 140 பேர். கொலையுண்டவர்களை மொத்தமாக எடுத்தால் ஆண்களே அதிகம். 100-க்கு 80 பேர் ஆண்கள். ஆனால் கொலையுண்ட ஆண்களில் வீட்டாரால் செத்தவர் 100-க்கு 12 பேர்தான். கொலையுண்ட பெண்களிலோ 100-க்கு 60 பேர். ஆணுக்கு ஆபத்து தெருவில் இருக்கின்றது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் பிழைத்தான். பெண்ணுக்கு ஆபத்து சாத்திய கதவுக்கு உள்ளே இருக்கின்றது. அவள் எங்கே போய்ப் பிழைப்பது?

நிற்க, இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன? "ஆணுக்கு உடல் பலம் அதிகம், அதுதான்" என்பார்கள். உடல் பலந்தான் காரணமென்றால், மூட்டை தூக்குகிறவன் மண்டிக்காரனை அடிக்கவேண்டும். உழுகிறவன் மிராசுதாரனை அடிக்கவேண்டும். அப்படி எங்காவது நடக்கின்றதா? பலம் உள்ளவன் அடி வாங்கிக்கொண்டு கை கட்டி நிற்பதையும், நோஞ்சான் முதலாளி வைது கொண்டிருப்பதையுமல்லவா நாம் தினமும் பார்க்கின்றோம்? சோறு யார் கையில் இருக்கின்றதோ, இருக்கிற இடம் யார் பேரில் இருக்கின்றதோ, அவனுடைய கைதான் ஓங்குகின்றது.

"குடிதான் காரணம்" என்பார்கள் வேறு சிலர். குடியினால் அடி அதிகமாகின்றது என்பதில் அய்யமில்லை. மேற்படி ஆய்விலேயே, அடிக்கடி குடித்து வெறிக்கிற புருஷனுடைய மனைவிகளில் 100-க்கு 70 பேரும், குடிக்காத புருஷனுடைய மனைவிகளில் 100-க்கு 23 பேரும் அவன் கையால் துன்பப்பட்டதாகக் கண்டிருக்கிறது. ஆனால் குடியே காரணமென்றால், சொட்டுக்கூடக் குடிக்காதவன் வீட்டில் அந்த 23 எப்படி வந்தது? அன்றியும், நல்ல போதையில் இருக்கிறவன் வழியில் எதிர்ப்பட்ட இன்ஸ்பெக்டரை அடிக்கிறானா? கடன் கொடுத்தவனை அடிக்கிறானா? அத்தனை பேரையும் கும்பிட்டுத் தாண்டி வந்து, வீட்டு வாசற்படி மிதித்த பிறகல்லவா அவன் கை எழுகின்றது? எவரை அடிக்கலாம், எவரை அடிக்கக்கூடாது என்கிற புத்தி எவ்வளவு போதையிலும் அவனுக்குத் தெளிவாகவே இருக்கின்றது. அந்தப் புத்தியை அவனுக்குக் கொடுத்தது கள்ளும் சாராயமும் அல்ல.

கொடுத்தது எது? மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாவது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். தப்புச் செய்தால் கயிற்றாலோ பிளந்த மூங்கிலாலோ முதுகில் அடிக்கப்படத் தக்கவர்கள் என்று அங்கே ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறது. மனைவி, மகன், அடிமை, மாணாக்கன், தம்பி ஆகியவர்களே அந்த ஜாபிதாவில் உள்ளவர்கள். இவர்களில் மகன் வளர்ந்து தகப்பனாகிவிடுகிறான். மாணாக்கன் குருவாகிவிடுகிறான். தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போய்விடுகிறான். அடிமையையும் 1843-ல் சட்டம் கைவிட்டுவிட்டது. தாலி கட்டிய நாள்முதல் சுடுகாட்டுக்குப் போகிற நாள்வரையில் அந்த ஜாபிதாவிலேயே இருக்கிறவள் மனைவி ஒருத்திதான். குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்துபோன நளாயினியைப் பத்தினியென்று கதை சொல்லி வளர்த்த நாட்டில், அடித்தவனைக் கேள்வி கேட்கிற பெண்ணை எவன் பத்தினி என்பான்?

இது இந்து மதத்துக்கு மாத்திரமே சொந்தமானதென்று மற்ற மதக்காரர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்றே பவுலின் நிருபமும் சொல்லுகின்றது. மனைவியை அளவாகத் "திருத்தும்" அதிகாரம் புருஷனுக்கு உண்டென்றே பழைய இங்கிலீஷ் சட்டமும் சொல்லி வந்தது. குர்ஆனின் நாலாவது அத்தியாயத்தில் மனைவியைத் தண்டிப்பதைக் குறித்த வசனத்தின் பொருளைப்பற்றி இன்றைக்கும் மௌலவிகள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கடவுளுக்குக் கடவுள் பேர் மாறுகின்றதே தவிர, பெண் முதுகு மாறக் காணோம்.

இந்த உடைமைப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கல்கத்தாவில் 1890-ல் நடந்த புல்மோனி வழக்கே போதும். பத்து வயது கடந்த அந்தக் குழந்தை புருஷன் சேர்ந்ததினால் செத்துப் போனாள். ஆனால் பத்து வயது கடந்துவிட்டபடியால் அது பலாத்காரக் குற்றமாகாது என்று சட்டம் சொல்லிற்று. அவனுக்குச் சிறு குற்றத்துக்காக ஒரு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. 1891-ல் சர்க்கார் அந்த வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியபோது, மதம் போயிற்றென்று எதிர்த்தவர்களில் திலகரும் ஒருவர். இப்போது காலம் மாறிவிட்டதே என்று நினைக்கவேண்டாம். 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்திருக்கிற புதிய குற்றச் சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ம் பிரிவிலும், கூடி வாழ்கிற 18 வயதான மனைவியை அவள் சம்மதமில்லாமல் புருஷன் சேர்ந்தால் அது பலாத்காரமல்ல என்றே விலக்கு வைத்திருக்கிறது. வயது உயர்ந்தது; உடைமை உயரவுமில்லை, ஒழியவுமில்லை.

"பெண்ணுக்குப் பெண்ணே எதிரி, மாமியார் அடிக்கவில்லையா?" என்று கேட்பதும் ஒரு வழக்கம். மாமியார் அடிப்பது உண்மைதான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாளை விரட்டிய கங்காணியும் கூலியாட்களின் ஊர்க்காரன்தான். அவன் கையிலிருந்த கோல் துரையினுடைய கோல். மாமியார் ஓங்குகிற கையும் மகனுடைய அதிகாரத்தில் ஓங்குகிற கையே. மகன் செத்துப்போய், மருமகள் சம்பாதித்துச் சோறு போடுகிற வீட்டில் எந்த மாமியார் அடிக்கிறாள் பார்ப்போம்! ஆனாலும் அடிப்பவள் பெண் என்பதற்காக அவளை விட்டுவிட வேண்டியதில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பெண்கள் மேலும் வழக்குக் கொண்டுவரலாம் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

சரி, உடைமைதான் காரணம் என்பதற்கு ருஜு உண்டா என்று கேட்கலாம். உண்டு. கேரளத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் என்னும் இரு ஆராய்ச்சிக்காரர்கள் பெண்களை விசாரித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். நிலமும் வீடும் தன் பேரில் இல்லாத பெண்களில் 100-க்கு 49 பேர் புருஷன் கையால் அடிபட்டிருந்தார்கள். நிலம் மாத்திரம் உள்ளவர்களில் 18 பேர். வீடு மாத்திரம் உள்ளவர்களில் 10 பேர். இரண்டும் உள்ளவர்களில் 7 பேர்! தெய்வமும் அதே தெய்வம், ஊரும் அதே ஊர், ஆண்களும் அதே ஆண்கள். பட்டாவில் பேர் மாறினவுடன் கை ஏன் தாழ்ந்தது? போக இடமுள்ளவளை அடிக்க யோசிக்கிறான். போக இடமில்லாதவளை அடிக்க யோசிப்பதில்லை. இதைவிட எந்த சாஸ்திரம் வேண்டும்?

இதைத்தான் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கண்டுகொண்டது. பெண்ணுக்கு ஆணைப்போலச் சொத்துரிமை வேண்டும், ஒத்துவராத கலியாணத்தை ரத்துச் செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்தபோது, குடி கெட்டுப் போகுமென்று சிரித்தவர்கள் அனேகர். அறுபது வருஷத்துக்குப் பின் 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுமைக்கும் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு சட்டமாயிற்று. ஆனால் நடப்பது என்ன? கலியாணத்துக்குச் செய்த செலவைச் சொல்லிக்காட்டி, அண்ணன் தம்பிமார்கள் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப்போய்ப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பேர் விடுதலைப் பத்திரமாம்! யாருக்கு விடுதலை? சொத்துப் பெண்ணிடமிருந்து விடுதலை பெறுகின்றது. பெண்ணோ அடிபடுகிற வீட்டைத் தவிர வேறு வீடில்லாதவளாகிறாள். அப்பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற அண்ணன், பின்னொரு நாள் தங்கை காயத்தோடு வந்து நிற்கும்போது "பொறுத்துக்கொள்" என்கிறானே, அவனும் அந்த அடியில் பங்காளியல்லவா?

இத்தனைக்கும் மேலே கொடியது ஒன்றுண்டு. மேற்சொன்ன 2019-21 ஆய்வில், ஏதாவதொரு காரணத்துக்காக மனைவியை அடிப்பது சரியே என்று சொன்ன ஆண்கள் 100-க்கு 44 பேர். பெண்கள் 100-க்கு 45 பேர். மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காவிட்டால் அடிக்கலாம் என்பதே இருபாலாரும் அதிகமாகச் சொன்ன காரணம். அடிபட்ட பெண்களில் உதவி தேடினவர்கள் 100-க்கு 14 பேர்தான். ஒருவரிடமும் வாய் திறவாதவர்கள் 77 பேர். அடிக்கிறவனே நியாயமென்று சொல்லுவதில் ஆச்சரியமில்லை. அடிபடுகிறவளே நியாயமென்று சொல்லும்படி செய்துவிட்டதுதான் சாஸ்திரத்தின் முழு வெற்றி.

இனி, சட்டத்தைப் பெண்கள் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்ற கூச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-ல் வந்த 498-ஏ பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 85, 86-ம் பிரிவுகளாக இருக்கின்றது. இதில் பொய் வழக்குக் கொடுப்பவர்கள் இல்லவே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. விசாரணையில்லாமல் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாதென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது சரியே. ஆனால் பொய்த் திருட்டு வழக்கும்தான் நாட்டில் நடக்கின்றது. அதற்காகத் திருட்டுச் சட்டத்தை எடுத்துவிட வேண்டுமென்று எந்தச் சொத்துக்காரனாவது சொல்லுகிறானா? பொய் சொன்னவரைத் தண்டியுங்கள். மெய் சொல்லுகிறவளின் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

இப்போது முதல் தோழருக்கு நமது பதில். தோழரே! உம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெண்ணுரிமைக்காரர்கள் அல்லர். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்ற கேள்வியை எண்ணிப் பாரும். ஆண் என்றால் அடிக்கிறவன், பெண் என்றால் அடிபடுகிறவள் என்பதல்லவா அதன் கருத்து? எந்தக் கொள்கை அந்த அம்மையாரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுகின்றதோ, அதே கொள்கைதான் உம்மை வெட்கப்படச் சொல்லுகின்றது. ஆகவே உமக்கு நியாயம் கிடைப்பது பெண்ணுரிமையை எதிர்ப்பதினால் அல்ல. "ஆண்மை" என்னும் அந்தப் பொய்ப் பெருமையை ஒழிப்பதினால்தான். காயப்படுத்தினவர்மேல் பொதுச் சட்டப்படி வழக்குக் கொடுக்க உமக்கு உரிமை உண்டு. கொடுமையைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் உரிமை இந்துக் கலியாணச் சட்டத்தில் இருபாலாருக்கும் உண்டு. வீட்டில் அடிபடுகிற ஆணுக்கும் அடைக்கலம் கொடுக்கச் சர்க்கார் வழி செய்தால் நாம் வரவேற்போமேயல்லாமல் எதிர்க்கமாட்டோம். ஆனால் உமது காயத்தைக் காட்டி அந்த அம்மையாரின் காயத்தை மறைக்க வருகிறவர்களுக்கு மாத்திரம் நீர் கருவியாகவேண்டாம்.

அம்மையாருக்கு நமது பதில். அம்மா! பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். 2005-ல் செய்து 2006 அக்டோபர் முதல் அமுலிலிருக்கிற குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற வீட்டிலிருந்து உங்களைத் துரத்த முடியாது. வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அங்கே இருக்க உரிமை கேட்கலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அடி மாத்திரமல்ல, வசவும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், செலவுக்குக் கொடாமல் வாட்டுவதும் அச்சட்டத்தில் கொடுமையே. ஜில்லாவிலுள்ள பாதுகாப்பு அலுவலரிடமோ மாஜிஸ்டிரேட்டிடமோ நீங்களே மனுக் கொடுக்கலாம். 181 என்ற எண்ணுக்கு டெலிபோனில் கூப்பிட்டும் உதவி கேட்கலாம். உங்கள் பிறந்தகத்துச் சொத்தில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, நமது இயக்கத் தோழர்களுக்கு. பார்ப்பான் நம்மைத் தாழ்ந்தவன் என்று சொன்னபோது நமக்கு ரோஷம் வந்தது. பிறவியினால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதை ஒப்பமாட்டோம் என்று கிளம்பினோம். வீட்டுக்குள் வந்ததும் நாமே பிறவியினால் மேலானவராகிவிட்டால், வெளியே பேசினதெல்லாம் தனக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயம் என்பதைத் தவிர வேறென்ன? மந்திரமில்லாமல் கலியாணம் செய்துகொண்டால் மாத்திரம் அது சுயமரியாதைக் கலியாணமாகிவிடாது. இருவருக்கும் சுயமரியாதை இருந்தால்தான் ஆகும். ஒவ்வொரு கிளைக் கழகமும் தன் அங்கத்தினர் வீட்டில் அடி நடந்ததென்று தெரிந்தால், அதைச் சொந்தச் சங்கதியென்று மூடி வைக்காமல் விசாரித்து, அடித்தவனை மேடையிலிருந்து இறக்கவேண்டும். மகள் பேருக்கும் பட்டா எழுதவேண்டும். அடிபட்டு வருகிற மகளுக்கும் தங்கைக்கும் கதவைத் திறந்துவிடவேண்டும்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது அடிக்கிறவன் கட்டிவிட்ட பழமொழி. அணைக்கிற கை அடிக்காது. அந்த அம்மையாரின் புருஷர் இதைப் படிப்பாரானால் அவருக்கும் ஒரு வார்த்தை: அடிக்கிற கையால் அனுப்புகிற சந்தா நமக்கு வேண்டியதில்லை. முதலில் அந்தக் கையைத் தாழ்த்தும். பிறகு மேடைக்கு வாரும்.